என் வயிறும் ரெண்டு எட்டு வளையலும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வளையல் மொத்த வியாபாரி வருஷா வருஷம் இனாமாகத் தரும் டைரி ஏழு மாதமாக அந்துருண்டையோடு பீரோவில் கிடந்தது. இன்று அதை வெளியே எடுத்த காரணம் அப்படியொன்றும் கௌரவமானது அல்ல. மருந்துக்கடைச் செல்லையா, "எத்தனை நாளாக்கா வயிறு உப்புசம்?" என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. சங்கரன்கோவிலில் எந்தத் தெருவில் எவளுக்கு எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று விரல் மடக்கிச் சொல்கிறவள் நான். என் வயிறு என்றைக்கு உப்பியது என்பது எனக்குத் தெரியவில்லை. எனவே இன்று முதல் குறித்து வைக்கிறேன். இன்று உப்பியிருக்கிறது.

பெயர் சண்முகவடிவு. வயது ஐம்பத்திரண்டு. தொழில் வளையல் கடை, உபதொழில் ஊர்வம்பு. கணவர் ஆவுடையப்பன், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிறையாது. அதிலும் பாதி 'ம்'.

வயிற்றைப் பற்றி: பாவாடை நாடா இறங்கிய இடத்தில் சாட்டையால் அடித்த மாதிரி தடம். மேலே ஒரு தொப்பை, கீழே ஒரு தொப்பை, நடுவில் நாடா. கண்ணாடியில் பார்த்தேன். சீ என்று வந்தது. தீர்வை உடனே கண்டுபிடித்துவிட்டேன், கண்ணாடி மேல் துண்டைப் போட்டுவிட்டேன்.

செல்லையா கேஸ் மாத்திரை கொடுத்தார். கேஸ்தான். வேறென்ன.

என் தொழில்பெருமை ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஒரு பெண்ணின் கையை ஒருதரம் அமுக்கினால் போதும், சைஸ் சொல்லிவிடுவேன். சின்னக் கைக்கு ரெண்டு நாலு, அப்புறம் ரெண்டு ஆறு, ரெண்டு எட்டு, பெரிய கைக்கு ரெண்டு பத்து. சைஸ் மட்டும் இல்லை, கை ஊதியிருக்கிறதா, வற்றியிருக்கிறதா, மாமியார் வீட்டில் சோறு போடுகிறார்களா என்பதுவரை தெரியும். சித்திரையில் வேலம்மா வந்தாள். வயிறு கடைக்குள் வந்து கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்தாள். எல்லோரும் 'நல்லா சதை போட்டுட்டே' என்றார்கள். நான் கையை அமுக்கினேன். "ஏட்டி, ஒடம்பு பெருத்தா கையும் பெருக்கணும். வயிறு பெருத்து கை சிறுத்தா அது சதை இல்லட்டி. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன். போனாள். ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்திருந்ததாம். இப்போது உப்பில்லாமல் சாப்பிட்டுத் தேறி வருகிறாள். வாரம் ஒருமுறை கடைக்கு வந்து என்னை வாழ்த்திவிட்டு, ஒரு ஹேர்பின் கூட வாங்காமல் போகிறாள்.

அன்றைக்குக் கடையில் என் மகள் இந்துஜாவும் இருந்தாள். கடையில் வேலை செய்யும் பேச்சியும் இருந்தாள். இருவருக்கும் என்மேல் மரியாதை கூடியது. ஒரு நாள் இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆடித் தபசு, அம்மன் கோயில் திருவிழா. ஊரே வந்து விழுந்துவிட்டது. காலை ஐந்து மணியிலிருந்து கை நீட்டினார்கள், நான் மாட்டினேன். வேர்த்த கை, மாவிளக்கு நெய் ஒட்டிய கை, பிள்ளை மூக்கைத் துடைத்த அதே கை. இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் குமட்டியது. ஒரு அம்மாள் கையில் சோப்பு நுரை தடவி வளையலை ஏற்றும்போது நெய்யும் சோப்பும் சேர்ந்து அடித்த வாடையில் பின்பக்கம் ஓடிவிட்டேன்.

மத்தியானம் பேச்சி இட்லி வாங்கி வந்தாள். நான் ஏழு இட்லிக்காரி. ஊருக்கே தெரியும். இன்று ஒன்றரையில் கழுத்துவரை நின்றுவிட்டது.

"என்னக்கா, கோழி கொத்துன மாதிரி வச்சிருக்கீங்க" என்றாள் பேச்சி.

"டயட்டுட்டி" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி வளையல் ரெண்டு டஜன் அதிர்ந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒன்றுக்குப் போக ராத்திரி நாலு தடவை எழுந்தேன். தர்பூசணி சாப்பிட்டதால் இருக்கும். தர்பூசணி சாப்பிட்டது போன வாரம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு லூர்து டீச்சர் நேராக என் கடைக்கு வந்தார். ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாகியும் பாடம் நடத்துவதை நிறுத்தாதவர். இப்போதைய பாடம் என் வயிறு.

"வடிவு, வாயுவா இருக்கும். கொண்டக்கடலை, மொச்சை, முட்டைக்கோஸ் நிப்பாட்டு. இல்லன்னா மலச்சிக்கல். இல்லன்னா பால் ஒத்துக்கல. நமக்கு இந்த வயசுல பால் செரிக்காது. தீட்டு நின்ன பெறகு வயிறு போடத்தான் செய்யும், அதுவா இருக்கும். பூச்சியாவும் இருக்கலாம்."

"டீச்சர், ஒரே கேள்விக்கு அஞ்சு விடை எழுதுனா மார்க் உண்டா?"

"ஒண்ணு சரியா இருந்தா உண்டு" என்றார்.

அஞ்சுக்கும் வைத்தியம் ஆரம்பித்துவிட்டேன். காலையில் ஓமத் தண்ணீர். பதினொரு மணிக்கு மோரில் பெருங்காயம். சாயங்காலம் இஞ்சிச்சாறு. படுக்கும் முன் கடுக்காய்ப் பொடி. பூச்சிக்கு வேப்பங்கொழுந்து. இத்தனையும் உள்ளே போய் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு ஏப்பமாக மேலே வருகின்றன. என் ஏப்பம் எனக்கே சகிக்கவில்லை. இன்று ஒரு கல்யாணப் பெண்ணுக்கு வளையல் காட்டும்போது ஒன்று வந்தது. கூட வந்த மாப்பிள்ளையின் அக்கா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ரெண்டு ஆறில் பன்னிரண்டு டஜன் போகவேண்டிய வியாபாரம், போய்விட்டது. கை நிறைய இல்லை, வெறுங்கையோடு.

வீட்டுக்காரர் துணி துவைக்க ஆரம்பித்திருக்கிறார். பொழுது போகவில்லையாம். முப்பது வருஷமாகப் போன பொழுது இப்போது திடீரென்று எங்கே நின்றுவிட்டது என்று கேட்டேன். "ம்" என்றார்.

ஆகஸ்ட் 20, புதன்

நான் முழுகாமல் இருக்கிறேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

இந்த வதந்தியின் ஊற்றுக்கண்ணைத் தேடிக்கொண்டு போனால் புளியங்குடி பஸ்ஸில் முடிகிறது. கண்டக்டர், ஒரு காலேஜ் பிள்ளையை எழுப்பி, "அக்காவுக்கு எடம் குடும்மா, பிள்ளத்தாச்சி" என்றார். நான் மறுக்கவில்லை. இடம் கிடைப்பது லேசா. அதை யாரோ கேட்டு, யாரிடமோ சொல்லி, அது இன்று காலை என் கடைக்கே வந்து என்னிடமே விலை கேட்டது. பூக்கார இசக்கி ரகசியமாக, "மதினி, அம்பத்து ரெண்டுலயா? அண்ணாச்சி வாயே தெறக்க மாட்டாகளே" என்றாள்.

"வாயத் தெறக்காம இருந்ததாலதான் வந்த வெனை" என்றேன்.

சிரித்துச் சிரித்து எனக்கே வயிறு வலித்தது. வலது பக்கம், கீழே. பிறகு சிரிப்பு நின்றும் வலி நிற்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால் மகள் உண்மையிலேயே ஆறு மாதம். நாலு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. போட்டோ அனுப்பியிருந்தாள். பக்கத்தில் என் போட்டோவை வைத்துப் பார்த்தேன். என் வயிறு ஜெயித்துவிட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை. இருந்தது. எழுதவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

செல்லையா நாலாவது அட்டை மாத்திரை தர மறுத்துவிட்டார். வியாபாரி என்றால் வியாபாரம் செய்யவேண்டும். இவர் உபதேசம் செய்கிறார்.

"அக்கா, சாதாரண கேஸ்னா வரும், போகும். சாப்பாட்டுக்குப் பெறகு உப்பும், காலைல வடியும். ஒங்களுக்கு மூணு வாரமா வடியவே இல்ல. இதுக்கு மேல நான் மாத்திரை குடுத்தா அது பாவம். டாக்டரம்மாவப் பாருங்க."

"பாக்கேன் பாக்கேன்."

"எப்ப?"

"ஒமக்கு என்ன, அவங்க ஒறவா?"

கோபத்தில் கோயிலுக்குப் போய்விட்டேன். நோய்க்குப் பூசும் புற்றுமண் வாங்கி, குழைத்து, வயிற்றில் பூசிப் படுத்தேன். அம்மன் மண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அது காய்ந்து வெடித்தது. வெடிப்புகளுக்கு நடுவில் என் வயிறு பளபளவென்று, நீர் நிறைத்த பலூன் மாதிரி, பச்சை நரம்போடிக் கிடந்தது. பக்கவாட்டில் புரண்டால் உள்ளே ஏதோ ஒன்று என்னோடு சேர்ந்து, கொஞ்சம் தாமதமாகப் புரண்டது. எனக்குள் இன்னொருத்தி குடிவந்திருக்கிற மாதிரி. அருவருப்பில் எழுந்து குளித்துவிட்டேன்.

பேச்சி என் காதுக்குப் பக்கத்தில் மண் ஒட்டியிருப்பதைப் பார்த்து, "முகத்துக்கா பூசினீங்க?" என்றாள்.

"ஆமா, பேஷியல்."

"முகம் ஏன்க்கா இப்படிச் சப்பிப் போச்சு?"

"அதான் டயட்டுன்னு சொன்னேன்லா."

செப்டம்பர் 2, செவ்வாய்

வளைகாப்பு நாள் குறித்தாகிவிட்டது. பதினாலாம் தேதி, ஞாயிறு, புளியங்குடியில் சம்பந்தி வீட்டில். முடிந்த கையோடு மகளைப் பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும்.

வளையல்காரி மகளுக்கு வளைகாப்பு. ஊர் என்ன எதிர்பார்க்கும் என்று சொல்லவா வேண்டும். மயில்பச்சை, ரத்தச் சிவப்பு, அரக்கு, நடுவில் பொன்பொடி போட்டது எல்லாம் தனியாக எடுத்துவைத்தேன். மகள் கை ரெண்டு ஆறு. கர்ப்பத்தில் கை கொஞ்சம் ஊதும், ரெண்டு எட்டும் வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு இப்போது நேரமில்லை. பதினாலு முடியட்டும். நல்ல காரியத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏதாவது உளறிவைத்தால், அதை முகத்தில் ஒட்டிக்கொண்டு பந்தலில் நிற்கவேண்டும். என் முகம் ரகசியம் காக்காத முகம். முப்பது வருஷமாக ஊர் ரகசியத்தையே காத்ததில்லை.

வளைகாப்புக்கு நாங்கள் கொண்டுபோக வேண்டிய சீர்ப் பலகாரத்துக்குப் பேச்சி மாவு அரைத்தாள். எண்ணெய் வாடை. முதல் முறுக்கு விழும்போதே நான் தெருவுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது என் தங்க வளையல் கழன்று சாக்கடைத் துவாரத்தில் நின்றது. கல்யாணத்தன்று சோப்புப் போட்டு, மூன்று பேர் பிடித்து ஏற்றிய வளையல். அதற்குப் பிறகு ஒருநாளும் கழன்றதில்லை. துவாரத்துக்குள் விரலை விட்டு எடுத்தேன். சோற்றுப் பருக்கை, முடி, வழவழவென்று என்னவோ. குமட்டலோடு குமட்டலாக எடுத்துக் கழுவிவிட்டேன்.

சந்தோஷப்படவேண்டிய விஷயம். கை இளைத்திருக்கிறது. எத்தனை பேர் காசு கொடுத்து ஜிம்முக்குப் போகிறார்கள்.

வளையலின் உள்பக்கம் நூல் சுற்றி மாட்டிக்கொண்டேன். மஞ்சள் நூல். வெளியே தெரியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் அதையும் எழுதுவேன்.

பந்தல் நிறையப் பெண்கள். புழுக்கம். மல்லிகை, சந்தனம், வியர்வை, தக்காளிச் சோறு எல்லாம் ஒரே காற்றில். சம்பந்தியம்மாள் என்னை மேலிருந்து கீழே பார்த்து, "ஒங்களுக்கும் சேத்து ஒரு மணை போட்டுரலாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அதுதான் என் வழக்கம், அடி விழுமுன் நானே விழுந்துவிடுவது.

முதலில் வேப்பங்கொழுந்துக் காப்பு. பிறகு நான் மகளுக்கு அடுக்கினேன். ஒரு வளையல்கூட உடையவில்லை. இரண்டு கையும் முழங்கைவரை நிறைந்து, அவள் அசையும்போதெல்லாம் சிரித்த மாதிரி ஒலித்தது. பிறகு வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் மாட்டினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வளைகாப்பில் எல்லோருக்கும் மாட்டிய வளையல்காரிக்கு, கடைசியாக அந்தக் கர்ப்பிணிப் பெண் மாட்டிவிடுவாள். அது வரையில் வளையல்காரி எழுந்திருக்கக் கூடாது. நூறு வீட்டு மணையில் நான் கை நீட்டியிருக்கிறேன். இன்று என் மகள்.

"எம்மா, கையக் குடு" என்றாள். பெட்டியில் இருந்து ரெண்டு எட்டு எடுத்தாள். அது என் சைஸ், அவளுக்குத் தெரியும். சோப்புக் கிண்ணத்தில் கை வைத்தாள். தேவைப்படவில்லை. வளையல் விரல் நுனியிலிருந்து தன்னால் ஓடிப்போய்த் தங்க வளையலில் முட்டி நின்றது. தங்க வளையலை நகர்த்தினாள். நூல் தெரிந்தது.

கடையில் வளர்ந்த பிள்ளை. என் விரலே அவளுக்கும். மெதுவாக என் கையை அமுக்கினாள். பிறகு மணிக்கட்டை. பிறகு மேல்கையை. சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

"ரெண்டு நாலு" என்றாள். "எம்மா, இது ரெண்டு நாலு."

"டயட்டுட்டி."

"வேலம்மாக்கா கையப் பிடிச்சு என்ன சொன்னே?"

"அது வேற."

"வயிறு பெருத்து கை சிறுத்தா அது சதை இல்லன்னு சொன்னே. நேரா ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னே. நான் பக்கத்துல நின்னேன்."

"எல்லாரும் பாக்காங்கட்டி."

"பாக்கட்டும். நாளைக்கு நீ டாக்டர்ட்ட போகல, நான் ஒன் வீட்டுக்குப் பேறுகாலத்துக்கு வரமாட்டேன். இங்கயே கெடந்து பெத்துக்கிடுதேன்."

சம்பந்தியம்மாள் பதறிப்போய், "நல்ல நாள்ல என்ன பேச்சு" என்றார். மகள் கேட்கவில்லை. அழவும் இல்லை. என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, நான் தலையாட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். வளையல்காரி கர்ப்பிணிக்கு முன்னால் மணையில் கைதியாக இருந்தது இதுதான் முதல்முறை.

தலையாட்டினேன். அவளும் வளையல்களும் எங்களோடு காரில் வந்தார்கள். வழி நெடுக ஒலித்துக்கொண்டே.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று போகவில்லை. திங்கட்கிழமை கூட்டம் அதிகம் என்றேன். நாளை.

இதை எழுதிவிடுகிறேன். என் அம்மாவும் வளையல்காரிதான். அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் வயிறு வீங்கியது. வாயு என்றார்கள். எனக்கு அப்போது இருபத்தொன்று, கல்யாணத்துக்கு ஒரு மாதம். ரெண்டு எட்டு போட்ட அம்மாவுக்கு ரெண்டு நாலு சும்மா ஏறியது. பெரிய கைக்கு வராத பேன்ஸி வளையல்களை எல்லாம் ஆசையாக அள்ளிப் போட்டுவிட்டேன். "எம்மா, ஒன் கை கொமரி கை மாதிரி ஆயிட்டு" என்று சொன்னேன். அம்மா ரொம்பச் சந்தோஷப்பட்டாள். கல்யாணம் முடிந்து மறுவீடு வருவதற்குள் போய்விட்டாள்.

அந்த வளையல்களை நான்தான் கழற்றினேன். ஒன்றையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கை அமுக்கிப் பார்க்கும் பழக்கம் வந்தது. எல்லோர் கையையும். ஒரு கையை மட்டும் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆஸ்பத்திரி. வீட்டுக்காரர் காலை ஆறரைக்கே போய்ச் சீட்டு வாங்கி வைத்திருந்தார். பினாயில் வாடை, முன்னால் உட்கார்ந்திருந்தவரின் சளி, சுவரில் வெற்றிலைச் சாறு. இதற்குப் பயந்துதான் வரவில்லை என்று என்னை நானே நம்பவைக்கப் பார்த்தேன்.

டாக்டரம்மா சின்ன வயது. தட்டிப் பார்த்தார். தர்பூசணி வியாபாரி மாதிரி ஒரு பக்கம் தட்டினார், ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி தட்டினார். சத்தம் மாறியது. எனக்கே கேட்டது.

"எத்தனை நாளா?"

டைரியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரிக்காமல் புரட்டினார். "கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நெறஞ்சிருது. அடிக்கடி ஒண்ணுக்கு. கை கால் எளைச்சிருக்கு. அடிவயிறு வலி. இதெல்லாம் எழுதி வச்சிட்டு ஏன்மா வரல?"

"கேஸுன்னு நெனச்சேன்."

"பெரும்பாலும் கேஸாத்தான் இருக்கும். மலச்சிக்கலா இருக்கும். அது ரெண்டு மூணு நாள்ல சரியாகும். ரெண்டு மூணு வாரமா தெனமும் இருந்தா அது வேற. உங்க வயசுல புதுசா உப்புசம் வந்து நிக்குதுன்னா பாத்தே ஆகணும். மூச்சு வாங்குதா? காய்ச்சல், வாந்தி? மலம் கறுப்பாப் போகுதா? காத்துப் பிரியாம வலி வந்ததா? அப்படின்னா அன்னைக்கே ஓடி வரணும், வாரம் பாக்கக் கூடாது."

இல்லை என்றேன். "தீட்டு நின்னு எத்தனை வருஷம்?"

"மூணு."

"அப்புறம் எப்பவாவது ரத்தம் பட்டுச்சா?"

"இல்ல."

அப்போது வீட்டுக்காரர் பேசினார். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பட்டிருக்கு டாக்டர். ஆகஸ்ட் இருபத்தொண்ணு. அதுக்குப் பெறகும் மூணு தரம். துணி துவைக்கது நான்தான்."

நாலு வாக்கியம். தபால் கார்டின் மறுபக்கமும் நிறைந்துவிட்டது. பொழுது போகாமல் துவைக்கிறார் என்று நான் எழுதியிருந்த பக்கம் டாக்டரம்மா கையில்தான் திறந்திருந்தது.

திரும்பி வரும்போது, "ஏன் எங்கிட்ட கேக்கல?" என்றேன்.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார்.

செப்டம்பர் 18, வியாழன்

ஸ்கேன். மூத்திரப்பை நிறையவேண்டுமென்று ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து, பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்துவிட்டார்கள். பத்துப் பெண்கள், பத்துப் பேரும் காலைப் பின்னிக்கொண்டு, ஒருத்தரையொருத்தர் பார்க்காமல். யாராவது ஒருத்தி தும்மியிருந்தால் கதை முடிந்திருக்கும். பிறகு வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். நத்தை ஊர்கிற மாதிரி.

உள்ளே போகுமுன் நர்ஸ் வளையலைக் கழற்றச் சொன்னாள். வளைகாப்பு வளையல், உடைக்கக்கூடாதே என்று தயங்கினாள். கையைத் தொங்கவிட்டேன். எல்லாம் தானாக என் மடியில் வந்து விழுந்தன.

சினைப்பையில் கட்டி. சுற்றிலும் நீர். திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

இசக்கியிடம் இன்று நானே சொன்னேன். "மாசமா இருக்கேன்னு சொன்னேல்லா, பாதி சரி. உள்ள ஒண்ணு வளருது."

அவள் பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நான் சொன்ன ஜோக்குக்கு யாராவது அழுதது இதுதான் முதல்முறை.

செப்டம்பர் 23, செவ்வாய்

திருநெல்வேலி, பெரிய ஆஸ்பத்திரி. வயிற்றில் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். பார்க்காதே என்றார்கள். நான் பார்க்காமல் இருப்பேனா. பலகாரம் சுட்டு மிஞ்சிய பழைய எண்ணெய் நிறத்தில், நுரையோடு, குழாய் வழியாக இறங்கி ஒரு பாட்டில், ரெண்டு பாட்டில், மூன்று. வாந்தி வந்தது. இத்தனை நாள் இதைத் தூக்கிக்கொண்டுதான் பஸ்ஸில் இடம் வாங்கியிருக்கிறேன். இதற்குத்தான் ஓமத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன்.

ஆனால் ராத்திரி வயிறு அமுக்காமல் நிமிர்ந்து படுத்தேன். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளைக்கு ஆபரேஷன். இரண்டு சினைப்பையும் கர்ப்பப்பையும் எடுக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆறு தவணை ஊசி இருக்கும் என்கிறார்கள். புற்றுதான். ஊரில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள், 'அந்த நோய்' என்பார்கள். நான் ஊர்வம்புக்காரி, பெயர் சொல்லித்தான் பேசுவேன்.

பெரிய டாக்டரிடம் நேராகக் கேட்டேன், தாமதமாக வந்துவிட்டேனா என்று. "ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார். "ஆனா ஒரு மாசம் கழிச்சு வரலையே."

அந்தப் பதிலை இருபது தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கம் நல்ல பக்கம் என்று தெரியவில்லை. நல்ல பக்கத்தை மேலே வைத்துத் தூங்கப் போகிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

எட்டு நாள் எழுத முடியவில்லை. எழுதவேண்டிய அழகான விஷயமும் ஒன்றும் நடக்கவில்லை. குழாய்கள். பைகள். என் முன்னால் மற்றவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் என் கழிவுகளின் அளவு. ஆபரேஷன் முடிந்து முதல்தடவை காற்றுப் பிரிந்தபோது நர்ஸ் கைதட்டினாள். குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம். கடையில் வந்திருந்தால் வியாபாரம் போயிருக்கும். இங்கே வாழ்த்து.

பேச்சி பார்க்க வந்தாள். வயிற்றைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே, என் கையை எடுத்து அமுக்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் என் கையை அமுக்கியதில்லை, சம்பளம் கொடுக்கிறவள் என்ற மரியாதை.

"எவ்வளவுட்டி?" என்றேன்.

இன்னொரு தரம் அமுக்கிப் பார்த்தாள். "ரெண்டு நாலே லூசுக்கா."

"சரி. கடைக்குப் போனதும் ரெண்டு எட்டுல மயில்பச்சை ஒரு டஜன் எடு. பொன்பொடி போட்டது. என் பேர எழுதி மேல் தட்டுல வை. எவ கேட்டாலும் குடுக்காத."

"எப்பத்துக்குக்கா? தீபாவளிக்கா, பொங்கலுக்கா?"

"கை வந்ததும்."

மகள் ஜன்னல் ஓரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கை வளையல்கள் ஒருதரம் ஒலித்து அடங்கின.

கஞ்சி வந்தது. ஜவ்வரிசிக் கஞ்சி. கொழகொழவென்று, மேலே ஆடை படிந்து, பிள்ளை கக்கிய மாதிரி. உலகத்தில் இதைவிட அருவருப்பான பண்டத்தை நான் கண்டதில்லை. முதல் வாயிலேயே தொண்டை மறித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு டம்ளரைக் காலி செய்தேன்.

"போதுமாம்மா?" என்றார் கஞ்சி ஊற்றுகிறவர்.

டம்ளரை மறுபடி நீட்டினேன்.